காவற்பணியும் கிறித்தவ அறமும்: செங்கற்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிகளின் கொத்தடிமை ஒழிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காவற்பணியில் கிறித்தவ நம்பிக்கையின் இடம் என்ன என்னும் வினா பெரும்பாலும் இறையியல் தளத்திலேயே பேசப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவைச் செங்கற்பட்டு வட்டாரத்தின் கொத்தடிமை ஒழிப்பு வரலாற்றில் பொருத்திப் பார்க்கிறது. நம்பிக்கையிலிருந்து பிறக்கும் பரிவு, சட்டம் ஏற்கும் சான்றாக மாறும்போதுதான் காவற்பணியின் அறமாகிறது என்பதும், மீட்கப்படுவோரின் வழிபாட்டுரிமையே அவ்வறத்துக்கு உரைகல் என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: கொத்தடிமை, முன்பணம், இருளர், பஞ்சமி நிலம், விடுதலைச் சான்று, மாசிமகம்

படைவீரர் கேட்ட வினா

கிறித்தவமும் காவற்பணியும் என்றவுடன் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். ஆனால் அப்பகுதி அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருப்போரை நோக்கியது. ஆயுதம் தாங்கியோர் தாமே முன்வந்து வழிகேட்கும் இடம் லூக்கா நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் உள்ளது. திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர், தாம் என்ன செய்ய வேண்டும் எனக் கேட்கின்றனர். எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கலாகாது, பொய்க்குற்றம் சுமத்தலாகாது, கிடைக்கும் ஊதியத்தோடு நிறைவு கொள்ள வேண்டும் என்பது அவர் கூறிய விடையின் சாரம். வரி தண்டுவோருக்குக் கூறிய விடைக்கு அடுத்தே இது வருவதால், இவர்கள் வரி தண்டுவோருடன் சென்ற காவற்படையினராக இருக்கலாம் எனக் கருதும் உரையாசிரியர்களும் உண்டு.

யோவான் அவர்களைப் பணியைத் துறக்கச் சொல்லவில்லை. வழிபாட்டு நெறி எதனையும் விதிக்கவுமில்லை. அவர் சொன்ன மூன்றும் ஆயுதம் தாங்கியவனுக்கும் எளியவனுக்கும் இடையே நிகழ்பவை பற்றியன. இவற்றுள் பொய்க்குற்றம் பற்றிய விலக்கே செங்கற்பட்டு வட்டார வரலாற்றோடு மிக நெருங்கியது. இங்கு எளியோர்மீது சுமத்தப்பட்ட குற்றம் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது: முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டு ஓடிவிட்டான் என்பது.

முன்பணமும் சட்டமும்

1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமை உடைமையைச் சட்டப்படி செல்லாததாக்கியது. ஆயினும் கடனால் பிணிக்கப்பட்ட படியாள் முறை செங்கற்பட்டின் வேளாண் ஊர்களில் தொடர்ந்தது. அதற்கு வாய்ப்பாக 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் வந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவனை நீதிபதி முன் நிறுத்தவும், மீண்டும் வேலைக்கு அனுப்பவும், மறுத்தால் சிறையிலிடவும் அது வழிசெய்தது. உரிமையியல் கடன் குற்றவியல் வழக்காயிற்று. 1925இல் நீக்கப்படும் வரை இது சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஓடியவனைப் பிடித்து வருவதே காவற்பணி என்றிருந்த அக்காலத்தில், நேர்மையாகக் கடமையாற்றிய காவலரும் அநீதிக்கே துணைநின்றார். தனிமனித ஒழுக்கம் மட்டும் காவற்பணிக்குப் போதும் என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபை மறைப்பணியாளர் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையைச் சார்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் ஒடுக்கப்பட்டோரின் நிலவுரிமை மறுப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தனர். மாவட்ட ஆட்சியர் ஜே. எச். ஏ. திரமென்ஹீர் 1891இல் செங்கற்பட்டுப் பறையர் நிலை குறித்த அறிக்கையை அரசுக்கு அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையால் உருவானவையே பஞ்சமி நிலங்கள். அறிக்கையின் வலிமை அதன் இரக்கத்தைக் காட்டிலும் விவரத்தில் இருந்தது. குடியிருக்கும் மனையும் தமக்குரியதாக இல்லாமை, தரிசு நிலம் கேட்டும் கிட்டாமை, கடனால் பிணிக்கப்பட்ட உழைப்பு ஆகியவை அரசு மறுக்கவியலாத வகையில் எழுத்தில் ஏறின.

மறைப்பணியாளரின் பங்கை மிகைப்படுத்துவதற்கில்லை. உலகியல் நலம் நாடி மதம் மாறுவோர்மீது அவர்கள் கொண்டிருந்த ஐயத்தையும், உழைப்புச் சுரண்டலைச் சமயச் சிக்கலாக விளங்கிக்கொள்ளும் போக்கு அரசின் தலையீட்டை மழுங்கச்செய்ததையும் ரூபா விஸ்வநாத் தமது ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நிலங்களும் நாளடைவில் பலவாறு கைமாறின. காரணை ஊரின் பஞ்சமி நில மீட்பையொட்டி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அந்நிலங்களுக்கு வித்திட்ட அறிக்கையின் பெயரிலேயே இடம்பெற்ற ஊர் செங்கற்பட்டு. நூறாண்டுக்குப் பின் அதே ஊரில், அரசாணை தந்ததைக் கேட்டவர்களே அரசின் துப்பாக்கிக்கு இலக்காயினர்.

இருளரும் இன்றைய கொத்தடிமையும்

படியாள் முறை மறைந்தபின் அதே முன்பணப் பிணிப்பு அரிசி ஆலை, செங்கல் சூளை, கல் குவாரி, மரம் வெட்டும் களம் ஆகியவற்றுக்கு இடம்பெயர்ந்தது. அதில் மிகுதியும் சிக்கியோர் இருளர். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தோல் வணிகத் தடையாலும் பிழைப்பை இழந்தன. உயிரினங்களைக் காக்க எழுந்த சட்டம், அவற்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்றுவழி எதனையும் வைக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுத்துப் பாம்பை மீண்டும் காட்டில் விடும் தொழிலை அமைத்துச் சிலருக்கு வாழ்வளித்தது. ஏனையோரில் பலருக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்பணமே எஞ்சிய வழி.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை முற்றிலும் தலைகீழாக்கியது. கடன் ஒழிந்தது, ஒப்பந்தம் செல்லாது, கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு (பிரிவு 15) கடன் கொடுத்தவர்மீது விழுந்தது. ஓடிப்போன தொழிலாளியை ஆலை உரிமையாளரின் புகாரின்பேரில் அழைத்துவரும் காவலர் இன்று கடமை செய்பவர் ஆகார்; குற்றத்துக்கு உடந்தையாகிறார். யோவானின் விலக்கு இங்கே சட்டத்தின் உட்பொருளாகவே அமைந்துவிட்டது. ஆயினும் கடனைத் திருட்டாகவோ மோசடியாகவோ எழுதித் தரும் புகார் இன்றும் நிலையத்துக்கு வரக்கூடும். அதனை என்ன பெயரிட்டுப் பதிவு செய்வது என்பதில்தான் நிலைய எழுத்தரின் மனச்சான்று வேலை செய்கிறது. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர்பயிற்சியகம் இதே மாவட்டத்தில் அமைந்திருப்பது இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. பயிற்சிக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை.

கிறித்தவ நம்பிக்கையை வெளிப்படையாக அடிப்படையாகக் கொண்டு இத்துறையில் இயங்கிய அமைப்பு பன்னாட்டு நீதிப்பணி மன்றம். அமெரிக்க நீதித்துறையில் பணியாற்றியவரும், 1994 ருவாண்டா இனப்படுகொலை பற்றிய ஐக்கிய நாடுகளின் விசாரணையை நடத்தியவருமான கேரி ஹாகன் 1997இல் இதனை நிறுவினார். சென்னையை மையமாகக் கொண்டு அரிசி ஆலை, சூளை வழக்குகளில் அது ஈடுபட்டது. அதன் ஊழியர் நாள்தோறும் கூடி வேண்டுதல் செய்வர். உதவியோ சமய வேறுபாடின்றி வழங்கப்படுகிறது. இவ்வமைப்பின்மீது கல்வியுலகில் கடுமையான விமரிசனங்கள் உண்டு. மீட்பும் தண்டனையும் முதன்மை பெறுவதால் வறுமையின் வேர்கள் மறைகின்றன என்பது அவற்றுள் முக்கியமானது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது கொத்தடிமை ஒழிப்புக்கு முழுமையாகப் பொருந்துமா என்பது ஐயமே. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஆணுக்கு 1 இலட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 இலட்சம், கொடிய சுரண்டலுக்கு உள்ளானோருக்கு 3 இலட்சம் ரூபாய் என மறுவாழ்வுத் தொகையை வகுத்து, அதன் முழுத் தொகையைக் குற்றத் தீர்ப்போடு பிணைத்தது. தண்டனை இல்லையேல் நிலைத்த மறுவாழ்வும் தடைப்படுகிறது.

ஆகவே நடைமுறையில் அறத்தின் எடை முழுவதும் ஒரு தாளின்மீது இறங்குகிறது. அது கோட்டாட்சியர் வழங்கும் விடுதலைச் சான்று. உரிமையாளர் அருகில் நிற்க, ‘விரும்பித்தான் வேலை செய்கிறோம்’ என்று தொழிலாளி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்பவர் பொய் எழுதியவர் அல்லர். ஆயினும் அவ்வாக்குமூலம் பொய். அச்சம் விலகும் இடத்துக்குக் குடும்பத்தை அழைத்துச் சென்று, கூலி, கடன், வெளியே செல்லும் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பொறுமையுடன் எழுதுவதே வாய்மை. நம்பிக்கையாளர் ஒருவர் தம் நம்பிக்கையை இப்பணியில் காட்டத்தக்க வேறு இடம் அரிது எனலாம்.

காலில் விழுந்தவர்

2019 சூலையில், அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் களங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அப்போது முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து வணங்கிய ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. பார்த்தவர் நெகிழ்ந்தனர். அறநோக்கில் அப்படம் நெருடலும் தருகிறது. சட்டப்படி தமக்குரியதைப் பெற்ற ஒருவர் அதனை அருளாக உணர்ந்தார். ஓர் உரிமையாளரின் காலிலிருந்து மற்றோர் அதிகாரத்தின் காலுக்கு அவ்வுடல் இடம்மாறியது. மீட்பவரின் சமயம் எதுவாயினும், அந்நன்றியைத் தம் பெயருக்கோ தம் கடவுளின் பெயருக்கோ வரவு வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அக்கணத்தில் திறக்கிறது. வறியோர் நன்றிக்கடனும் ஒருவகை முன்பணமே.

இவ்விடத்தில் மாமல்லபுரக் கடற்கரை பொருள் பெறுகிறது. ஆண்டுதோறும் மாசிமக முழுநிலவுக்கு வடதமிழ்நாட்டு இருளர் அங்குத் திரண்டு, சேலைகளால் கூடாரம் அமைத்துத் தங்கி, விடியலில் மணலில் படிகள் கட்டிக் கன்னியம்மனை வணங்குகின்றனர். திருமணம் பேசுவதும் முடிப்பதும், சிதறிய உறவினர் ஒருவரையொருவர் காண்பதும் அங்குதான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக்குக் கூறும் அடையாளங்களுள் ஒன்று, தடையின்றி நடமாடும் உரிமையை இழத்தல். ‘சென்ற மாசிமகத்துக்குக் கடற்கரைக்குப் போனீர்களா, யார் போகவிடவில்லை, வீட்டில் யாரைப் பிணையாக நிறுத்திக்கொண்டார்கள்’ என்னும் வினாக்கள், எந்தச் சட்டச் சொல்லாலும் வெளிவராத உண்மையை ஓர் இருளர் குடும்பத்திடமிருந்து வெளிக்கொணரக்கூடியவை. கிறித்தவ ஊழியர் ஒருவர் அவ்வினாவைக் கேட்டு எழுதும்போது, தமக்குரியதல்லாத ஒரு தெய்வத்தின் திருவிழாவைச் சென்றடையும் உரிமைக்காகவே சான்று திரட்டுகிறார். இதனைத் தம் நம்பிக்கைக்கு முரணாக அவர் கருத வேண்டியதில்லை. யோவானும் தம்மிடம் வந்த படைவீரரிடம், அவர்கள் காவல் செய்வோரின் வழிபாட்டைப் பற்றி ஏதும் கேட்கவில்லை.

இன்று விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளரே சங்கமாக இணைந்து, ஆலைகளிலும் சூளைகளிலும் சிக்கியோரை அடையாளங் கண்டு அதிகாரிகளிடம் மனு அளிக்கின்றனர். விசாரணையின்போது குடும்பங்களுக்கு அருகிலும் அமர்கின்றனர். மாசிமகம் பற்றிய வினாவை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.