தைலத்தின் குளிர்ச்சி

கழுத்துச் சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு, கெண்டைக்கால் வலி என்று எது வந்தாலும் நம் வீடுகளில் கை முதலில் நீளுவது அலமாரியில் உள்ள தைலப் புட்டியை நோக்கித்தான். தடவியவுடன் ஜில்லென்று இருக்கிறது. சற்று நேரத்தில் மெல்லச் சூடு ஏறுகிறது. வலியும் குறைந்தாற்போல் தோன்றுகிறது. இந்தக் குளிர்ச்சி தைலத்தில் இருக்கிறதா, நம் உடலில் இருக்கிறதா? இக்கேள்விக்கு விடை தெரிந்தால், தைலத்தை எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்தில் உள்ள வெப்பமானியின் குமிழைச் சுற்றிச் சிறிது பஞ்சை வைத்து, அதில் சில துளி ஸ்பிரிட் விடுங்கள். வெப்பநிலை சில பாகைகள் இறங்கும். ஸ்பிரிட் ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் குமிழிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். இது உண்மையான குளிர்ச்சி. இப்போது வேறொரு பஞ்சில், தேங்காய் எண்ணெயில் கரைத்த புதினா உப்பை, அதாவது மென்தாலைத் தடவிக் குமிழில் சுற்றுங்கள். வெப்பமானி அசையாது. அதே எண்ணெயை நெற்றியில் தடவினாலோ பனிக்கட்டி வைத்தாற்போல் இருக்கும்! வெப்பமானிக்கு நரம்பு இல்லை, நமக்கு இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

நம் தோலில் உள்ள நரம்பு முனைகளில், குளிரையும் சூட்டையும் உணர்வதற்கென்றே சில புரதங்கள் வாயில்களைப் போல் அமைந்துள்ளன. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் என்ற அறிஞரின் குழு, மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு ஆராய்ந்து, சூட்டை உணரும் வாயிலை 1997இல் கண்டறிந்தது. குளிரை உணரும் வாயிலை மென்தாலின் துணையால் அவருடைய குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழுவும் 2002இல் தனித்தனியே கண்டுபிடித்தன. இவர்கள் இருவரும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குளிர் வாயில் சாதாரணமாகத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதுதான் திறக்கும். மென்தால் போய் ஒட்டிக்கொண்டால் அந்த வரம்பு உயர்ந்துவிடுகிறது. 32, 33 பாகையில் இருக்கும் நம் தோலிலேயே வாயில் திறந்து, “குளிர், குளிர்” என்று மூளைக்குச் செய்தி போகிறது. மிளகாய் இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 43 பாகைக்கு மேல் திறக்க வேண்டிய சூட்டு வாயிலை அது உடல் வெப்பநிலையிலேயே திறந்துவிடுகிறது. கற்பூரமும் சூட்டு வாயில்களைத் தொடுகிறது. தைலப்புட்டியின் விளம்பரத்தில் ‘ஊடுருவும் வெப்பம்’ என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் தசைக்குள் வெப்பம் எதுவும் ஊடுருவுவதில்லை. தோல் சற்றுச் சிவந்து, அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது.

அப்படியானால் வலி குறைவது வெறும் மயக்கமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்ப்பதால் எழும் தொடுசெய்திகள், தண்டுவடத்தில் வலிச்செய்திகளுக்கு வழியை ஓரளவு அடைத்துவிடுகின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் விளக்கினார்கள். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. தைலத்தின் குளிர்ச்சியும் இவ்வாறே வலியை மறைக்க உதவுகிறது. நீவிவிடும் கைக்கும் இதில் பங்குண்டு; பெரும்பங்கு கைக்கே என்பது என் எண்ணம்.

ஆகவே, எரிச்சல் கூடினால் குணமும் கூடும் என்று எண்ணுவது தவறு. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூட அலமாரி ஒன்றை நகர்த்தப் போய் இடுப்பில் பிடித்துக்கொண்டது. இரவில் தைலத்தைத் தாராளமாகத் தேய்த்து, போதாதென்று அதன்மேல் வெந்நீர்ப் பையையும் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் பிடிப்பு அப்படியே இருந்தது, தோல் கொப்புளித்திருந்தது. வெப்பம் பாடம் நடத்தும் எனக்கே இது முன்கூட்டித் தோன்றவில்லை! சூடு பட்டால் தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, மருந்து உள்ளே செல்லும் வேகமும் கூடுகிறது. போதாக்குறைக்குத் தைலத்தால் குழம்பிய நரம்பு, உண்மையான சூட்டை எடை போடத் தவறிவிடுகிறது. மென்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் மிகுந்த பூச்சுகளால் அரிதாகத் தோல் வெந்துபோவதுண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் எச்சரித்தது. தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கூடாது. இறுக்கமாகத் துணி கட்டுவதும் கூடாது.

இனி, தைலம் எவ்வளவு செறிவானது என்று பார்ப்போம். நீலகிரித் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தைலமரம் 1843ஆம் ஆண்டில் நீலகிரியில் நடப்பட்டது. பின்னர் விறகுக்காகப் பெருமளவில் வளர்க்கப்பட்டது. மலையில் சிலர் இதைக் கற்பூர மரம் என்பார்கள். கற்பூரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இதன் இலையைக் கொப்பரையில் நீரோடு சேர்த்துக் காய்ச்சி, வரும் ஆவியைக் குளிர்வித்துத் தைலம் எடுக்கிறார்கள். தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோலின் கொதிநிலை 176 பாகை. ஊட்டியின் உயரத்திலோ நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். பின் தைலம் எப்படி வெளிவருகிறது? ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களைச் சேர்த்துக் காய்ச்சினால், இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடிக் காற்றழுத்தத்துக்குச் சமமானவுடன் கலவை கொதிக்கத் தொடங்கும். நீரின் அழுத்தம் பெரும்பங்கையும் தைலத்தின் அழுத்தம் சிறுபங்கையும் தருகின்றன. நீராவி தைலத்தைத் தோளில் சுமந்து வருகிறது எனலாம். நூறு கிலோ பச்சை இலைக்குச் சுமார் ஒரு கிலோ தைலமே கிடைக்கும். ஒரு சிறு கரண்டித் தைலம், அரைக் கிலோ இலைக்குச் சமம்!

எனவே தைலத்தைத் துளியால் அளக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., எடுத்து அதில் இரண்டு துளி தைலம் விட்டால் ஏறத்தாழ 2 சதவீதக் கரைசல் ஆகும். பெரியவர்களுக்கு இது போதும். முதல்முறையாகப் பயன்படுத்துவோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. எலுமிச்சைப்புல், லாவெண்டர் போன்றவற்றுக்கும் இதே விதிதான். திறந்து நெடுநாளாகி ஆக்சிஜனேற்றம் அடைந்த தைலம் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும். தோல் எரிந்தால் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பயனில்லை. எண்ணெயும் நீரும் கலவா. சாதா எண்ணெயால் துடைத்தெடுத்துப் பின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் மட்டும் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவுங்கள்.

வலிக்கான தைலங்களில் மிகுந்த கவனம் வேண்டியது விண்டர்கிரீன் தைலம். நீலகிரியிலும் வளரும் ஒரு செடியிலிருந்து இது எடுக்கப்படுகிறது. கடைகளில் உள்ள பெரும்பாலான வலிநிவாரணிப் பூச்சுகளில் இதன் சாரமான மீத்தைல் சாலிசிலேட் சேர்கிறது; இன்று இது பெரும்பாலும் ஆலைகளில் செய்யப்படுகிறது. இது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி தூய தைலத்தில், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. 300 மில்லிகிராம் மாத்திரைகளாக எண்ணினால் இருபதுக்கும் மேல். ஒரு குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவோர் இத்தைலத்தைத் தோலில் தடவினாலும் அம்மருந்தின் வேகம் கூடக்கூடும். அவர்களும், கர்ப்பிணிகளும், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

கற்பூரம் நம் பூசை அலமாரியில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கிறது. ஒரு கிராம் கற்பூரம் கூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளி பிடித்த கைக்குழந்தைக்குக் கற்பூரத்தைச் சூடான எண்ணெயில் கரைத்து மார்பில் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆயினும் விட வேண்டிய பழக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரமோ மென்தாலோ கலந்த பூச்சு எதுவும் வேண்டாம். மூக்கருகே தடவினால் அவர்களுக்கு மூச்சே தடைபடக்கூடும். யாராவது தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வலிப்பு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆவி பிடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. நீலகிரித் தைலத்தின் ஆவி ஏறத்தாழ 50 பாகையிலேயே தீப்பற்றும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் தைலம் விடக் கூடாது. பாத்திரத்தை இறக்கி, அடுப்பை அணைத்து, நிலையாக வைத்த பின்னரே ஓரிரு துளி விட வேண்டும். சிறுவர்களைப் போர்வைக்குள் வெந்நீரோடு உட்கார வைக்கவே வேண்டாம். புட்டியை இறுக மூடி, வெயில் படாத, பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். இருமல் மருந்துப் புட்டியின் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரவில் விளக்கைப் போடாமல் எடுக்கும் கைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.