காருக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி!

ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து 2015-ல் வெளிவந்த க்விட் கார் நினைவிருக்கிறதா? அடுத்த ஆண்டே அதே ஆலையிலிருந்து டட்சன் ரெடி-கோ வந்தது. பார்க்க இரண்டும் வேறு வேறு. அடியில் இருந்த அமைப்பு ஒன்றுதான்.

இன்ஜின் அறை, டிரைவர் பகுதி, முன் அடித்தளம், பின் அடித்தளம், இவற்றோடு மின்னணு அமைப்பு. இப்படி காரை ஐந்து பாகமாகப் பிரித்துக்கொள்வதுதான் அந்த நிறுவனங்களின் உத்தி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி. ஓர் அறையில் உள்ளதை மாற்றினால் மற்ற அறைகளைத் தொட வேண்டியதில்லை.

இரும்பில் இது சுலபம், பாகம் கண்ணுக்குத் தெரியும். காருக்குள் ஓடும் கம்ப்யூட்டர் புரோகிராமில்தான் வம்பு. இன்ஜின், பிரேக், ஏர்பேக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குட்டி கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. உதாரணத்துக்கு, காரின் வேகம். டேஷ்போர்டுக்கு அது வேண்டும், பிரேக்குக்கும் கதவுப் பூட்டுக்கும் வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சீட்டில் எழுதி வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டால்? எண் தப்பாகிவிட்டால், திருத்தியது யார் என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

இது வெறும் கற்பனை பயமில்லை. 2007-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, ஓர் உயிர் போனது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன மென்பொருள் நிபுணர் மைக்கேல் பார், இன்ஜின் புரோகிராமில் இப்படிப்பட்ட பொதுச் சீட்டுகள் 10,000-க்கும் மேல் இருந்ததாகச் சொன்னார். மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-ல் நாசா பொறியாளர்களின் ஆய்வு சொல்லியிருந்தது. ஆனாலும் 2013-ல் ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

இதற்கான மருந்தை 1972-லேயே எழுதிவைத்தவர் டேவிட் பர்னாஸ். பின்னால் எது மாறக்கூடும் என்று தோன்றுகிறதோ, அதை ஒரே பகுதிக்குள் மூடி வை என்றார். வேகத்தை அளப்பதும் எழுதுவதும் ஒரே பகுதியின் வேலை. மற்றவை கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தொடக்கூடாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். இன்று ஒரு கம்பெனி தரும் சென்சாரை நாளை வேறு கம்பெனி தரலாம். புரோகிராம் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தால் சென்சாரைப் படிக்கும் அந்த ஒரு பகுதியைத் திருத்திச் சோதித்தால் போதும். இல்லையென்றால் பிரேக் புரோகிராமையும் திறந்து பார்க்க வேண்டும். அதைத் திறக்க எந்த இன்ஜினீயருக்கும் கை நடுங்கும்!

அதற்காகக் கண்டபடி துண்டு போடுவதும் ஆபத்து. பெட்டியில் ஐம்பது அறை இருந்தால் கடுகைத் தேடுவதற்குள் எண்ணெய் கருகிவிடும். எங்கே வெட்டுவது, துண்டுகள் எப்படிப் பேசிக்கொள்வது என்பதற்குப் பொது விதிகள் வகுக்கத்தான் கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் 2003-ல் ‘ஆட்டோசார்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. விற்பனையில் அடித்துக்கொள்ளும் பிஎம்டபிள்யூவும் டொயோட்டாவும்கூட அதில் உறுப்பினர்கள்.