42 ஆட்டம், 9 வெற்றி! ஆனாலும் ஊர் மறக்காத பயிற்சியாளர்

75 பேர் விமானத்தில் ஏறினார்கள். ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

அவர்களில் 37 பேர் பல்கலைக்கழக மாணவர்கள், கால்பந்து ஆட்டக்காரர்கள். பயிற்சியாளரும் மாண்டார். அவருடைய உதவியாளர்களும் மாண்டார்கள். ஒரே இரவில் ஒரு குழு இல்லாமல் போயிற்று.

நான்கு மாதம் கழித்து, அந்த இடத்துக்கு ஒரு புதிய பயிற்சியாளர் வந்தார். அவர் பெயர் ஜாக் லெங்யல். குழுவே இல்லாத இடத்தில் ஒரு குழுவை உண்டாக்க வேண்டும். இதுதான் அவருக்குக் கிடைத்த வேலை!

அவர் எப்படி அதைச் செய்தார்? முதல் ஆண்டில் என்ன நடந்தது?

நதிக்கரை நகரம்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஓஹையோ நதியின் கரையில் உள்ள ஊர் ஹன்டிங்டன். 1970-ம் ஆண்டில் அங்கு வசித்தவர்கள் சுமார் 74 ஆயிரம் பேர். அந்த ஊரின் பெருமை, மார்ஷல் பல்கலைக்கழகம்.

நாம் கால்பந்து என்று சொல்வது வேறு. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது வேறு. அவர்களுடைய பந்து உருண்டையாக இராது. முட்டை போல நீண்டிருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். எதிர்க் கட்சியார் குறுக்கே பாய்ந்து கீழே தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளில் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 புள்ளி.

மார்ஷல் குழு பச்சையும் வெள்ளையும் அணிந்து ஆடும். ‘இடி முழக்க மந்தை’ என்பது அதன் பட்டப் பெயர். பெயரில் இருந்த இடி, ஆட்டத்தில் அதிகம் இல்லை. தோல்விகளே மிகுதி. ஆனால் சொந்தப் பிள்ளைகள் அல்லவா? ஊரார் விடாமல் போய்ப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை

1970-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. மார்ஷல் குழு வட கரோலினா மாநிலத்துக்குப் போய் ஆடியது. 17-க்கு 14 என்ற கணக்கில் தோற்றது. மாலையில் எல்லோரும் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். ஆட்டக்காரர்களுடன் ஊர்ப் பிரமுகர்கள் 25 பேரும் இருந்தார்கள்.

ஹன்டிங்டன் பக்கத்தில் மழை. மூடுபனி. மேகம் தாழ்ந்து கிடந்தது. விமானம் இறங்கத் தொடங்கியது. ஓடுபாதைக்கு ஒரு மைல் தூரத்தில் ஒரு குன்று. அங்கே மரங்களில் விமானம் மோதியது. விழுந்தது. தீப்பிடித்தது. 75 பேரும் மாண்டார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கிவிட்டது என்று கண்டார்கள். ஏன் அப்படி இறங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாண்டவர்களில் 4 பேர் டாக்டர்கள். 70 குழந்தைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். அவர்களில் 18 குழந்தைகளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஆட்டக்காரர்களில் 6 பேரின் உடலை அடையாளம் காண முடியவில்லை. அவர்களை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

வேண்டுமா, வேண்டாமா?

சிலர் தப்பினார்கள். அவர்கள் விமானத்தில் ஏறாதவர்கள். நேட் ரஃபின் என்ற மாணவர் காயம் பட்டிருந்ததால் ஊரிலேயே தங்கிவிட்டார். ரெட் டாசன் என்ற உதவிப் பயிற்சியாளர் காரில் திரும்பினார். முதல் ஆண்டு மாணவர்களும் போகவில்லை. அந்தக் காலத்தில் முதல் ஆண்டு மாணவர்கள் பெரிய குழுவில் ஆடக் கூடாது என்பது விதி. அந்த விதி அவர்கள் உயிரைக் காத்தது!

இனிமேல் கால்பந்தே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. அந்த மைதானத்தில் மறுபடியும் பச்சைச் சட்டையைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? மகனைப் பறிகொடுத்த தாய் அதை எப்படித் தாங்குவாள்? இப்படிக் கேட்டவர்களின் பேச்சில் நியாயம் இருந்தது.

ஆனால் எஞ்சிய மாணவர்கள் ஆட விரும்பினார்கள். ஆட்டத்தை நிறுத்தினால், போனவர்களின் பெயரும் அதோடு நின்றுவிடும் என்று எண்ணியவர்களும் ஊரில் இருந்தார்கள். முடிவில், குழு மறுபடியும் ஆட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

சரி, பயிற்சியாளர் யார்? பெயர் பெற்றவர்கள் எளிதில் வருவார்களா? ஒருவர் ஒப்புக்கொண்டார். சில நாளிலேயே தம் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் லெங்யல் வந்தார்.

சிறிய கல்லூரியிலிருந்து

ஜாக் லெங்யல் ஓஹையோ மாநிலத்துக்காரர். ஆக்ரன் நகரில் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கால்பந்து ஆடியவர். பிறகு ஊஸ்டர் என்ற சிறிய கல்லூரியில் ஐந்து ஆண்டு தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். பெரிய பெயர் இல்லை. வயது 36. இந்த வேலைக்கு வரும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

1971-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் பொறுப்பை ஏற்றார். ரெட் டாசனும் ஓர் ஆண்டு கூட இருக்கச் சம்மதித்தார். மாண்ட பிள்ளைகள் பலரைத் தேடி அழைத்து வந்தவர் அந்த டாசன்தான். அவர்களுடைய சவ அடக்கங்களுக்குப் போனவரும் அவரே. மனம் உடைந்தவர் மறுபடியும் மைதானத்தில் நிற்பது லேசான காரியமா?

லெங்யல் ஆள் சேர்க்கத் தொடங்கினார். பெரிய குழுவில் மிஞ்சியவர்கள் சிலர்தான். முந்தின ஆண்டு முதல் வகுப்பில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். அது போதுமா? போதாது. கூடைப்பந்து ஆடியவர் வந்தார். பேஸ்பால் ஆடியவர் வந்தார். பந்தை உதைக்க ஓர் ஆள் வேண்டும். நம் ஊர்க் கால்பந்து போன்ற ஆட்டம் ஆடிய பிளேக் ஸ்மித் என்ற மாணவரைப் பிடித்தார்கள்.

அதுவும் போதவில்லை. முதல் ஆண்டு மாணவர்களும் ஆட அனுமதி வேண்டும் என்று மார்ஷல் கேட்டது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கம் விசேஷ அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு குழுவுக்கு ‘இளம் இடி முழக்க மந்தை’ என்று பெயர் வந்தது. பெயருக்கு ஏற்றபடி, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நேரே வந்த பையன்கள் பலர் அதில் இருந்தார்கள்.

எதிரி கொடுத்த வித்தை

லெங்யலுக்குத் தெரிந்த ஆட்ட முறை ஒன்று இருந்தது. அதற்குக் கனத்த, பழகிய ஆட்கள் வேண்டும். அவரிடம் இருந்தவர்களோ கற்றுக்குட்டிகள். என்ன செய்வது?

அதே மாநிலத்தில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அது பெரியது. அங்கே பாபி பவுடன் தலைமைப் பயிற்சியாளர். பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றவர் அவர். லெங்யல் அவரிடம் போய் உதவி கேட்டார்.

ஒரு பயிற்சியாளர் தம் ஆட்ட ரகசியத்தை இன்னொருவருக்குச் சொல்வாரா? பவுடன் சொன்னார்! தம் குறிப்புகளைக் காட்டினார். படச் சுருள்களையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். விபத்து நடந்த பிறகு அவருடைய ஆட்டக்காரர்கள் தங்கள் தலைக்கவசத்தில் பச்சைச் சிலுவையும் மார்ஷலின் எழுத்துக்களும் பதித்துக்கொண்டவர்கள்.

அங்கே கற்ற முறைக்கு ‘வீர்’ என்று பெயர். வித்தை எளிதுதான். எதிரிகளில் ஒருவரை மட்டும் தடுக்காமல் விட்டுவிட வேண்டும். பந்து வைத்திருப்பவர் அவரையே கவனிக்க வேண்டும். அவர் உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே போகும். அவர் வெளியே நின்றால் பந்து உள்ளே போகும். பலம் குறைந்தவர்கள் புத்தியால் ஈடு கட்டும் முறை அது.

முதல் வெற்றி

1971-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி முதல் ஆட்டம். வெளியூரில் நடந்தது. மோர்ஹெட் குழுவிடம் 29-க்கு 6 என்று மார்ஷல் தோற்றது.

அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 25-ந் தேதி. விபத்துக்குப் பிறகு சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரி, சேவியர் பல்கலைக்கழகம். மார்ஷல் வெல்லும் என்று எதிர்பார்த்தவர் அதிகம் இல்லை. ஆட்டம் நடந்தால் போதும் என்றே பலர் வந்திருந்தார்கள்.

பிளேக் ஸ்மித் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 3 புள்ளி! பிறகு இரு பக்கமும் மாறி மாறி முன்னேறின. முடிவு நெருங்கும்போது சேவியர் 13, மார்ஷல் 9.

இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம். எல்லைக் கோட்டுக்கு 13 கஜம் இருக்கிறது.

பந்து ரெஜி ஆலிவர் என்ற மாணவரின் கையில். ஆட்டத்தை நடத்துகிறவர் அவர். அவருடைய சொந்த ஊர் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கலூசா. விமானத்தில் மாண்டவர்களில் 4 பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள். முந்தின ஆண்டு ஆலிவர் முதல் வகுப்பு மாணவர். அதனால் விமானத்தில் போகவில்லை.

ஆலிவர் ஒரு பக்கமாக ஓடினார். எதிரிகள் அவரைத் துரத்தினார்கள். சட்டென்று நின்று பந்தை மறுபக்கம் எறிந்தார். அங்கே டெரி கார்ட்னர் நின்றார். முதல் ஆண்டு மாணவர்! விசேஷ அனுமதி கிடைத்திராவிட்டால் அவர் அங்கே நின்றிருக்கவே முடியாது. பந்தைப் பிடித்தார். ஓடினார். கோட்டைத் தாண்டினார்!

மார்ஷல் 15, சேவியர் 13. நேரமும் முடிந்தது.

ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். அழுதார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்து நெடுநேரம் ஆகியும் வீட்டுக்குப் போக மனம் இல்லாமல் அங்கேயே நின்றார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து மகிழ்ந்த நாள் அது.

பிறகு?

கதையாக இருந்தால் இதோடு சுபம் போட்டுவிடலாம். உண்மை அப்படி இல்லை. அடுத்த ஆட்டத்திலேயே மயாமி குழு 66-க்கு 6 என்று மார்ஷலை முறியடித்தது. அக்டோபர் 30-ந் தேதி பௌலிங் கிரீன் குழுவை 12-க்கு 10 என்று வென்றார்கள். அதன் பிறகு மூன்று ஆட்டம். மூன்றிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த ஆண்டுக் கணக்கு 2 வெற்றி, 8 தோல்வி.

சனிக்கிழமை அடி வாங்கிய பையன்கள் திங்கட்கிழமை மறுபடியும் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களை வர வைத்ததுதான் லெங்யலின் சாமர்த்தியம். வெல்வதைவிட முதலில் ஆட வேண்டும். ஆடினால்தான் என்றாவது வெல்லலாம். இதுவே அவர் வேலையின் சாரம்.

லெங்யல் நான்கு ஆண்டு இருந்தார். 42 ஆட்டம் நடந்தது. 9 வெற்றி, 33 தோல்வி. 1974-ம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் வேலையை விட்டார். பிறகு வேறு பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தார். 1988 முதல் 2001 வரை அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் அந்தப் பதவியை வகித்தார்.

அவர் போன பிறகும் மார்ஷல் தோற்றுக்கொண்டே இருந்தது. 1984-ம் ஆண்டில்தான் தோல்வியைவிட வெற்றி ஒன்று அதிகமாயிற்று. 1992-ல் தன் பிரிவில் தேசிய வெற்றிக் கோப்பை கிடைத்தது. 1996-ல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் அதே பட்டத்தை வென்றது!

2006-ம் ஆண்டில் இந்தச் சம்பவத்தைச் சினிமாவாக எடுத்தார்கள். மாத்யூ மெக்கானஹே என்ற நடிகர் லெங்யலாக நடித்தார்.

நின்று ஓடும் நீரூற்று

பல்கலைக்கழகத்தின் நடுவே ஒரு நீரூற்று இருக்கிறது. மாண்ட 75 பேரின் நினைவாக 1972-ம் ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14-ந் தேதி ஊரார் அங்கே கூடுவார்கள். மாண்டவர்களின் பெயர்களைப் படிப்பார்கள். பிறகு நீரூற்றை நிறுத்துவார்கள். குளிர் காலம் முழுவதும் அது ஓசையின்றி நிற்கும்.

வசந்தம் வந்ததும் மறுபடியும் திறந்துவிடுவார்கள். தண்ணீர் பொங்கி எழும்.

1971-ம் ஆண்டு வசந்த காலத்தில், ஓய்ந்து கிடந்த அந்த மைதானத்தில் பந்தை மறுபடியும் ஓடவிட்டவர் ஜாக் லெங்யல்.