தீர்மானம் போட ஊரில் ஆள் வேண்டும்

எந்த ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டினாலும் கரண்ட் பில் ஒரு பெரிய தொகையாக உட்கார்ந்திருக்கும். ஆற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றியாக வேண்டும், தெருவிளக்கு எரிந்தாக வேண்டும். குடிநீர் இணைப்பு கூடக்கூட மோட்டார் ஓடும் நேரமும் கூடும். நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து இருக்கும் ஓடந்துறை இந்தச் சுமையில்தான் சிக்கியது. பவானித் தண்ணீரைச் சுத்தம் செய்து மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபின் பில் பல மடங்கு ஏறியது. அந்த ஊரைக் காற்றாலை வரைக்கும் கொண்டுபோனது அந்த பில்தான். கரிப்புகை குறைந்தது அதன்கூட வந்த நன்மை.

முதலில் 2003-இல் மரக்கழிவில் கைவைத்தார்கள். மரத்துண்டுகளை அரைகுறைக் காற்றில் எரியவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதைக் கொண்டு இன்ஜினை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். 9 கிலோவாட் திறனுள்ள அந்தக் கலன் தண்ணீர் இறைக்கும் செலவைக் குறைத்தது. ஆனால் ஊராட்சியின் மொத்தத் தேவையை 9 கிலோவாட் எப்படித் தாங்கும்?

2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே விலைக்கு வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் கையிருப்பு 40 லட்சம் போக மீதி 1 கோடியே 15 லட்சமும் வங்கிக் கடன். ஓடந்துறையில் அந்த அளவுக்குக் காற்று வீசாது. அதனால் ஆலை நிற்பது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, உடுமலைப்பேட்டைப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் நிலம் அது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின் வாரியத்தின் கம்பியில் ஏறும். ஊராட்சியின் பயன்பாடு அதில் கழியும். மிச்சத்தை வாரியம் விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஆறரை லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைத்தது. ஊராட்சிக்குத் தேவைப்பட்டதோ நாலரை லட்சம் யூனிட். கடன் தவணையைக் காற்றே கட்டியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் பெரும்பாலும் காற்றாலையைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடன் பத்திரம். கையிருப்பையும் போட்டு, ஒரு கோடிக்கு மேல் கடனும் வாங்கி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்துகிறோம் என்று ஊர் மக்களிடம் சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். காற்று பொய்த்தால் அடுத்த தேர்தலில் அதே மக்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். 1996-இலிருந்து 2006 வரை இரண்டு முறை தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர் இருந்ததால்தான் அது முடிந்தது. மரக்கழிவுக் கலனில் கற்றுக்கொண்டதைக் காற்றாலை வரை கொண்டுசெல்ல அவருக்குக் காலம் கிடைத்தது.

அந்தக் காலம் இப்போது ஊராட்சிகளுக்குக் கிடைக்கிறதா? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான். அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள்மேல் குறை இல்லை. பல ஊராட்சிகளை ஒருவரே பார்க்கும்போது அன்றாடக் கையெழுத்துக்கே நேரம் சரியாகிவிடும். கிராம சபை கூடலாம், தீர்மானமும் நிறைவேறலாம். அந்தத் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வங்கிக்கும் மின் வாரியத்துக்கும் ஓயாமல் நடக்க ஊர்க்காரர் ஒருவர் வேண்டாமா?

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென 29 துறைகளைப் பட்டியலிட்டது. மரபுசாரா எரிசக்தி அதில் 15-ஆவது. முப்பது ஆண்டுக்கு மேலாக அந்த வரி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கையாளும் இடத்தில் ஆளே இல்லாத ஆண்டுகளை எண்ணினால் எனக்கு மனம் ஆறுவதில்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கும்போது ஊராட்சி எதற்கு இதில் இறங்க வேண்டும், பெரிய நிலையங்களில் யூனிட் விலை குறைவாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. விலைக் கணக்கு சரிதான். அந்த மின்சாரம் ஊராட்சியின் பில்லைக் குறைக்காது, ஊருக்கு வருமானமும் தராது.

ஊர் கூடி முடிவெடுத்தால் சிக்கனம்கூட எளிதாகிறது. ஸ்காட்லாந்தை ஒட்டிய எக் என்ற சின்னத் தீவில் நூறு பேர் அளவில்தான் மக்கள். 1997-இல் தீவையே நிலவுடைமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். 2008 பிப்ரவரியில் ஓடைநீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென மின்வலை அமைத்துக்கொண்டார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, கடைகளுக்கும் தொழில்களுக்கும் 10 கிலோவாட் என்று வரம்பு உண்டு. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் இப்படி வரம்பு போட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். தாங்களே போட்ட கட்டுப்பாடு என்பதால் கெட்டிலையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் ஊராட்சிகளில் சிக்கனம் தொடங்க வேண்டிய இடம் பம்ப் ரூம். திரும்பத் திரும்பக் காயில் கட்டிய பழைய மோட்டார், அதே தண்ணீரை ஏற்றக் கூடுதல் மின்சாரம் குடிக்கும். புது மோட்டாருக்குப் பணம் ஒதுக்குவது காற்றாலை வாங்குவதைப் போலப் பேசப்படாது, படம் எடுக்க யாரும் வரவும் மாட்டார்கள். டேங்க் ஆபரேட்டருக்கு எந்த மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரியும். அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கிராம சபையில் கணக்காக வைக்க ஒரு தலைவரும் வார்டு உறுப்பினர்களும் வேண்டும்.

ஓடந்துறையின் காற்றாலைக்கு 2026-இல் இருபது வயது. காற்றாலைகளை இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். பழைய சிறு ஆலைகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நிறுத்தவும், இருப்பதைச் செப்பனிட்டு ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. தனியார் தங்கள் ஆலையைப் பற்றி ஒரு வாரத்தில் முடிவெடுத்துவிடலாம். ஊருக்குச் சொந்தமான ஆலையைச் செப்பனிடுவதா, மாற்றுவதா, மாற்றினால் புதிய கடனுக்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்விகளுக்கு ஊர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் இருந்தாக வேண்டும்.