காம்பு மாறினால் கை பிழைக்கும்! மம்பட்டி முதல் கோல்ஃப் மட்டை வரை... வீட்டிலேயே பிடி மாற்றலாம்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய வைத்தியநாத சுவாமி கோயில்தான் ஊரின் அடையாளம். பங்குனியில் இங்கே நடக்கும் நந்தி திருக்கல்யாணத்துக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டாராக ஐயாறப்பரே கிளம்பி வருவார். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பது நம்பிக்கை. அதனால் கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அன்றைக்கு ஊரில் திரண்டுவிடும்.

இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கருவி ஒளிந்திருக்கிறது. மார்க்கண்டேயருக்காகச் சிவன் மழுவை ஏந்தி ஆடிய இடம் ‘மழுவாடி’, அதுவே ‘மழபாடி’ ஆனது என்கிறது தலபுராணம். மழவர்கள் பாடி அமைத்துத் தங்கிய ஊர் என்று வேறொரு விளக்கமும் உண்டு. மழு என்றால் கோடாரி.

சாமி கையிலிருந்த மழுவின் காம்பு கழன்றதாக எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆனால், நெல்லும் கரும்பும் விளையும் கொள்ளிடக் கரையில் வரப்பு கழிக்கும் மம்பட்டிக்கும், விறகு பிளக்கும் கோடாரிக்கும் காம்பு கழன்றுகொண்டேதான் இருக்கும். இரும்பு பத்து, இருபது வருடம்கூட உழைக்கும். கை படுகிற மரம்தான் முதலில் தேயும், ஆடும், விரியும், முறியும்.

முன்பெல்லாம் பட்டறைக்குப் போனால் ஆசாரி ஒரு மணி நேரத்தில் புதுக்காம்பு போட்டுக் கொடுத்துவிடுவார். இன்று பல ஊர்களில் பட்டறைகள் குறைந்துவிட்டன. அதனால் ஆடுகிற காம்பிலேயே ஒரு துணியைச் சுற்றி, ‘இந்தப் போகம் ஓடட்டும்’ என்று வேலை பார்ப்பவர்கள் அதிகம். அதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஓங்கும்போது தலை கழன்று பறந்தால் எதிரில் நிற்பவருக்கு உயிராபத்து. பறக்காவிட்டாலும், ஆடுகிற பிடியைக் கை தன்னையறியாமல் இரட்டிப்பு வலுவோடு இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் உள்ளங்கையில் கொப்புளமாகவும், முழங்கையில் வலியாகவும் வந்து நிற்கும்.

காம்பு மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான்.

எப்போது மாற்ற வேண்டும்?

கருவியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறிப் பாருங்கள். தலை ஆடினால் இறுக்க வேண்டும். காம்பில் நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தாலோ, சிம்பு எழுந்து கையில் குத்தினாலோ, கண்ணுக்குப் பக்கத்தில் மரம் கறுத்து உளுத்திருந்தாலோ, இறுக்கிப் பயனில்லை. மாற்றிவிட வேண்டியதுதான்.

எந்த மரம்?

நம் ஊரில் காம்புக்குப் பேர்போனது கருவேலம். கடினமானது, அதே நேரம் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். புளி, கொய்யா மரங்களும் உதவும். உள்ளே பொந்து இல்லாத கல் மூங்கில் எடை குறைவாக இருக்கும். முருங்கை போலச் சட்டென்று முறியும் மரங்கள் ஆகவே ஆகாது.

மரத்தின் பெயரைவிட அதன் நார் ஓடும் திசை முக்கியம். காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் நேராக ஓட வேண்டும். நடுவில் கணுவோ, நார் குறுக்கே வெளியேறும் இடமோ இருந்தால் அங்கேதான் முறியும். இன்னொன்று, மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இன்று வெட்டிய பச்சைக் கொம்பை இன்றே மாட்டினால், அது காய்ந்து சுருங்கும்போது தலை மறுபடி ஆடும். பட்டையைச் சீவி, வெயில் நேராகப் படாத நிழலில் சில மாதங்கள் போட்டு வைப்பது நல்லது. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கடையில் காய்ந்த காம்பாகப் பார்த்து வாங்கலாம்.

மாற்றும் முறை

1. முறிந்த துண்டை எடுக்க, மம்பட்டித் தலையை அடுப்பில் போட்டுக் கொளுத்துவது பலருடைய வழக்கம். செய்யாதீர்கள். சூடு ஏறினால் இரும்பின் பதம் போய், வாய் சீக்கிரம் மழுங்கும். கண்ணின் குறுகலான பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் துண்டு வெளியே வரும். வராவிட்டால் டிரில்லிங் மெஷினால் நான்கைந்து துளை போட்டுவிட்டு அடியுங்கள்.

2. கண்ணின் உள்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

3. மம்பட்டிக் காம்பின் தலைமுனை கண்ணைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். அங்கிருந்து கீழே வரவர மெலிய வேண்டும். அரிவாளால் சீவும்போது எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாகவே சீவுங்கள்.

4. கண்ணின் உள்ளே கரியைப் பூசுங்கள். காம்பை நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டு மறுபடி நுழையுங்கள். நான்கைந்து தடவை செய்தால், சுற்றிலும் ஒரே சீராகக் கவ்விப் பிடிக்கும்.

5. கண்ணின் அகலமான பக்கத்திலிருந்து காம்பின் மெலிந்த முனையை விட்டு, பருத்த முனை சிக்கும் வரை இழுங்கள். பிறகு கருவியைக் கவிழ்த்து, காம்பின் தலைமுனையைக் கல்லில் நான்கு தட்டு தட்டுங்கள். இரும்பு தன் எடையாலேயே பருத்த பக்கம் நோக்கி இறங்கி இறுகிவிடும்.

6. கோடாரிக்கு முறை வேறு. காம்பைக் கீழிருந்து ஏற்றி, மேல்முனையில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, அதில் காய்ந்த மர ஆப்பை அடித்து இறக்க வேண்டும். ஆப்பு மரத்தை விரித்துக் கண்ணோடு சேர்த்து இறுக்கிவிடும்.

7. கடைசியாக உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தடவிக் காயவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள்.

முதல் பத்து வெட்டு ஆளில்லாத இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை உதறிப் பார்ப்பது அவசியம்.

வாய்க்காலில் ஊறப்போடலாமா?

ஆடுகிற மம்பட்டியை ராத்திரி வாய்க்காலிலோ தொட்டியிலோ ஊறப்போட்டால் காலையில் கிண்ணென்று இறுகியிருக்கும். தண்ணீர் குடித்த மரம் உப்புவதுதான் காரணம். ஆனால், சுற்றிலும் இரும்பு இருப்பதால் உப்பிய மரத்துக்கு விரிய இடமில்லை. அதன் நார்கள் நசுங்கிவிடும். காய்ந்த பிறகு முன்பைவிட மெலிந்துபோகும். இன்னும் அதிகமாக ஆடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாமே தவிர, அது வைத்தியம் ஆகாது.

இது யாருடைய கைக்கு?

கடையில் தொங்கும் காம்புகள் பெரும்பாலும் ஒரே பருமனில் இருக்கும். வயலிலும் நூறு நாள் வேலையிலும் அதைப் பிடித்து உழைப்பவர்களில் பெண்கள் ஏராளம். பெண்களின் உள்ளங்கை பொதுவாகச் சிறியது. பருமனான காம்பை விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாதபோது, அதே வேலைக்குக் கூடுதல் வலு தேவைப்படும். மாலையில் வரும் கைவலியை ‘வயசாகிவிட்டது’ என்று அம்மா சொல்லும்போது, குற்றவாளி காம்பாகவும் இருக்கலாம்.

இந்திய விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளை எடுத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கருவிகள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. நமக்கு அளவுகோல்கூட வேண்டாம். காம்பைச் சுற்றிப் பிடித்தால் பெருவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் ஏறக்குறையத் தொட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் காம்பு பருமன். விரல் நுனி உள்ளங்கையிலேயே குத்தினால் மெலிவு. பருமனாக இருந்தால் பிடிக்கும் இடத்தை மட்டும் சீவலாம். மெலிவாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி இழுத்துச் சுற்றலாம். வியர்வையிலும் வழுக்காது.

கோல்ஃபிலும் இதே கதைதான்

அமெரிக்காவில் கோடாரிக் காம்புக்குப் பேர்போன மரம் ஹிக்கரி. கோல்ஃப் மட்டைகளின் தண்டும் ஒரு காலத்தில் அதே ஹிக்கரிதான். பிடியில் தோல் வாரைச் சுற்றியிருப்பார்கள். பிரிட்டனில் கோல்ஃப் விதிகளைக் கவனிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ‘ஆர் அண்ட் ஏ’ அமைப்பு, எஃகுத் தண்டை அனுமதித்தது 1929-ல்தான். இந்தியாவுக்கு இந்த விளையாட்டு அதற்கு நூறு வருடம் முன்பே வந்துவிட்டது. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் தொடங்கிய வருடம் 1829.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை எடுத்துப் போகலாம். எல்லாவற்றின் ரப்பர் பிடியும் வெயிலிலும் வியர்வையிலும் இறுகி வழுக்கத் தொடங்கும். அடிக்கடி ஆடுபவர்கள் வருடம் ஒருமுறை மாற்றுவார்கள். பழைய ரப்பரைக் கத்தியால் கீறி உரித்து, அடியில் ஒட்டியிருக்கும் டேப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். புதிய இருபக்க டேப்பை ஒட்டி, புதுப் பிடியின் முனையிலுள்ள துளையை விரலால் அடைத்துக்கொண்டு, உள்ளே அதற்கான திரவத்தை ஊற்றிக் குலுக்கி, டேப் மீதும் ஊற்ற வேண்டும். உடனே ஒரே தள்ளாகப் பிடியை ஏற்றி, நேராகத் திருப்பிவிட்டு, சில மணி நேரம் காயவிட வேண்டும். அந்தத் திரவம் தீப்பற்றும் தன்மை கொண்டது. காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டச் செய்ய வேண்டும்.

பிடி தேய்ந்தால் கோல்ஃப் ஆட்டக்காரரும் இறுக்கித்தான் பிடிப்பார். முழங்கையின் உள்பக்கத்தில் வரும் வலிக்கு ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்றே மருத்துவத்தில் பெயர். கோல்ஃப் மைதானத்தையே பார்த்திராத விவசாயிக்கும், கொத்தனாருக்கும் அதே வலி வரும்.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டைக்கு இது இன்னும் சுலபம். பழைய கிரிப்பைக் கீறி எடுத்ததும், அடியில் இருக்கும் நூல் சுற்று பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் பசை தடவி இறுக்கிச் சுற்றிக் காயவிட வேண்டும். பிறகு, புது கிரிப்பைக் காலுறை போலச் சுருட்டி, பிடியின் முனையில் மாட்டி, மெல்ல உருட்டி இறக்கினால் போதும்.

சமையலறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குக்கரின் கைப்பிடி ஆடினால் முதலில் திருகாணியை முடுக்குங்கள். கைப்பிடியே விரிந்திருந்தால் டேப் சுற்றி ஓட்டக் கூடாது. அதே கம்பெனி, அதே மாடல் கைப்பிடியை வாங்கி மாட்டுங்கள். கொதிக்கும் சாம்பாரைத் தூக்கி இறக்குவது அந்த ஒரு திருகாணியை நம்பித்தான்.

‘குலத்தைக் கெடுக்கும் கோடாரிக் காம்பு’ என்று காம்புக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. மரத்திலிருந்து வந்து மரத்தையே வெட்டத் துணைபோவதால் வந்த பெயர். ஆனால், ஒழுங்காகப் பொருந்திய காம்புதான் இரும்பின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, கையைக் காப்பாற்றுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்குப் பொட்டு வைப்பதற்கு முன், ஒவ்வொரு பிடியையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். ஆடுகிறதை எடுத்துத் தனியே வையுங்கள். அதைத் தினமும் பிடிப்பவர் கையில் கொடுத்து, விரல்கள் தொடுகின்றனவா என்று பார்த்து, அந்தக் கைக்குத் தக்கபடி புதுக்காம்பு போடுங்கள்.