நெடுவழியும் குடும்ப வண்டியும்

திருவனந்தபுரம் நகரின் தென்புறத்தில், கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து செல்லும் சாலை தமிழ் மக்களுக்கு நெடுநாட் பழக்கமுடையது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை என ஊர்களைத் தொட்டுக்கொண்டு அச்சாலை நாகர்கோவிலை அடைகிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இரயில் ஓடத் தொடங்கியது 1979ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், தெற்கே ஒரு திருமணமென்றாலும் துக்கமென்றாலும், கரமனையார் இச்சாலை வழியேதான் செல்ல வேண்டியிருந்தது. முதலில் மாட்டு வண்டி, பின்னர் பேருந்து.

இன்று அக்குடும்பங்களின் மக்களும் பேரரும் மும்பையிலும் புனேயிலும் தில்லியிலும் வாழ்கின்றனர். விடுமுறை வந்தால் தம் சொந்த வண்டியிலேயே குடும்பத்துடன் ஊர் வந்து திரும்புவோர் அவர்களிற் பலர். மும்பையை அடுத்த பன்வேலில் தொடங்கும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கோவா, மங்களூர், கோழிக்கோடு, கொச்சி வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கன்னியாகுமரியில் முடிகிறது. கரமனை வழியே செல்வது பழைய பாதை. கழக்கூட்டத்திலிருந்து கோவளம் பக்கமாகக் காரோடு வரை புதிய புறவழிச் சாலை அமைந்துள்ளது. ஊருக்கு வருவதோடு அமையாது, அதே வண்டியில் இமயமலை வரை செல்ல விரும்புவோரும் உளர். அதன் பொருட்டு நாற்சக்கர இயக்கம் உடைய ஜீப் வகை வண்டியொன்றை வாங்கி, கூரைமேல் கூடாரமும், உள்ளே அடுப்பும் குளிர்பெட்டியும் பொருத்தி, அதனை ஒரு நடமாடும் வீடாகவே ஆக்கிக்கொள்கின்றனர். இவ்வண்டி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை விளக்குவதே நம் நோக்கம். செய்யாததைச் செய்யுமென நம்பிப் புறப்படும்போது இடர்ப்படுவது ஓட்டுபவர் மட்டும் அன்று. பின் இருக்கையில் உறங்கும் குழந்தையும், பாட்டியும் உடன் இடர்ப்படுகின்றனர்.

ஜீப் வண்டி இரண்டாம் உலகப் போரின் குழந்தை. அமெரிக்கப் படையின் தேவைக்காக உருவான அது, போர் முடிந்த பின் உழவருக்கும் வனத்துறையினருக்கும் உதவலாயிற்று. 1948இல் ஆங்கில நாட்டின் லேண்ட் ரோவர் வெளிவந்தது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். 1955ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர் அறுவர், இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியாவையும் பர்மாவையும் கடந்து 1956இல் சிங்கப்பூரை அடைந்தனர். நெடுவழிப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அதனையே முன்மாதிரியாகக் காட்டுவர். ஆனால் அவர்கள் உடல் வலிமை மிக்க இளைஞர்கள். அவர்களுடன் கைக்குழந்தை இல்லை, நீரிழிவுக்கு மருந்து உண்ணும் பெரியவரும் இல்லை. நம் வீட்டாருக்கு அவர்களைவிட நல்ல முன்மாதிரி கொழுக்குமலைக்குச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களே என்பது நம் கருத்து. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அம்மலைக்கு வண்டியிற் செல்ல வேண்டுமானால், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையிலே ஜீப்பில்தான் ஏற வேண்டும். அவ்வோட்டுநர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் நடை வேகத்திலேயே செல்வர்.

நாற்சக்கர இயக்கம் என்பது யாது? வண்டி ஒரு வளைவிலே திரும்பும்போது, உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் வெளிப்புறச் சக்கரம் மிகுந்த தொலைவும் உருள்கின்றன. இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதற்காக அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி வைக்கப்பட்டுள்ளது. தார்ச்சாலையில் அது மிக நன்று. சேற்றிலோ அது ஒரு குறையாக மாறுகிறது. ஏனெனில் பிடிப்பில்லாத சக்கரம் எளிதாகச் சுழல, விசை முழுவதும் அதிலேயே வீணாகிறது. பிடிப்புள்ள சக்கரம் அசையாது நிற்கிறது. முன்னச்சுக்கும் விசையைப் பகிர்ந்தளித்தால், நான்கில் எந்தச் சக்கரத்துக்கேனும் பிடிப்புக் கிடைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அச்சில் பூட்டு இருப்பின் அவ்வாய்ப்பு இன்னும் மிகும். இதனுடன் ‘லோ’ எனப்படும் தாழ்கியர்த் தொகுதியும் சேர்ந்திருப்பின், எஞ்சின் விரைந்து சுழன்றாலும் வண்டி மெல்ல ஊரும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில், நாற்சக்கர இயக்கத்தை இணைத்தவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு விடுகின்றன. வளைவிலே முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுந்த தொலைவு உருள வேண்டும் அல்லவா? மண்ணிலே சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் உள்ளுறுப்புகளில் ஏறி, வண்டி திரும்ப மறுப்பதும், பற்சக்கரங்கள் பழுதுறுவதும் நேரும். ஆதலின் நல்ல சாலையில் பின்சக்கர இயக்கமே போதும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்குமாறே அமைந்த வண்டிகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. நம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அதனுடன் வந்த கையேட்டிற் பார்த்தறிவது முதற்கடமை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாற்சக்கர இயக்கம் வண்டியைச் செலுத்துவதற்கே துணை, நிறுத்துவதற்கு அன்று. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும்தான் உள்ளது. மழையில் நனைந்த மலைச்சாலையில், எளிதாக ஏறிவிட்ட துணிவில் விரைந்து இறங்கும் ஜீப், சிறிய காரைவிடப் பாதுகாப்பானது என எண்ணுவது மயக்கம். ஓடும் வெள்ளத்தைக் கடப்பதும் அத்தகையதே. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீர், ஜீப் வகையினை உள்ளிட்ட பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது. வண்டி சிறிதளவு மிதந்தாலும் சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு இல்லை. பிடிப்பில்லாத இடத்தில் நான்கு சக்கரம் இயங்கி என்ன பயன்? மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் நீரோடினால், நீர் வடியும் வரை காத்திருப்பதே வழி.

இனி, வண்டியில் ஏற்றும் சுமையைப் பற்றி. அலங்கரித்த வண்டியின் படங்களைப் பார்த்து மயங்குவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடையின் எல்லை ஒன்றை அதனைச் செய்தவர் குறித்துள்ளனர். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், நாம் ஏற்றத்தக்க சுமை கிடைக்கும். அது 500 கிலோ என வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பாட்டி, பிள்ளைகள் இருவர் ஆகிய ஐவர்க்கும் 245 கிலோ. துணிமணிப் பெட்டிகள் 60. குடிநீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. கேனில் டீசல் 20 லிட்டர், கேனுடன் ஏறத்தாழ 20. கூரைக் கேரியரும் அதன்மேற் கூடாரமும் 95. இரண்டாவது ஸ்டெப்னியும் கருவிகளும் 45. குளிர்பெட்டியும் அதற்கான பேட்டரியும் 45. கூட்டிப் பார்த்தால் 550 வருகிறது. இன்னும் அரிசி, பருப்பு, ஸ்டவ், ஊறுகாய்ச் சாடி ஒன்றும் ஏறவில்லை! எல்லையோ முன்னமே கடந்துவிட்டது. மிகையான சுமையால் டயர் சூடேறி வெடிக்கிறது. பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கும் தொலைவு நீள்கிறது. அச்சுமை கூரைமேல் இருப்பின், வண்டியின் எடைமையம் உயர்ந்து, வளைவிலே கவிழும் இயல்பு மிகுகிறது. கூரைக்கெனத் தனி எல்லை உண்டு. அது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது.

ஆகவே, புறப்படுமுன் எல்லாரும் ஏறி அமர்ந்து, எல்லாப் பொருளும் ஏற்றி, அருகிலுள்ள எடைமேடையில் ஒருமுறை வண்டியை நிறுத்தி எடை பார்த்துவிடுக. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் அம்மேடை நெடுஞ்சாலை ஊர்களில் உண்டு, செலவும் சிறிது. எடை மிகுந்திருந்தால் முதலில் இறக்க வேண்டியது கூரைக் கூடாரமே என்போம். நம் நாட்டில் நெடுஞ்சாலை ஓரங்களில் விடுதிகளும் சத்திரங்களும் ஏராளம். ஆள் நடமாட்டமற்ற பாலைவனத்தைக் கடப்போர்க்கு உகந்த ஏற்பாடு நமக்கு எதற்கு? கேனில் எரிபொருள் கொண்டு செல்வதும் லடாக் போன்ற சில இடங்களிலன்றித் தேவையில்லை. பெட்ரோலானால், பிள்ளைகள் அமர்ந்துள்ள இடத்தில் அதனை வைத்தல் பெருந்தவறு.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை அதன் மூல அமைப்பினின்று மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவின் பொருளைத் தெளிவுறுத்தியது. வண்டியின் முன்னே கனத்த இரும்புச் சட்டம் பொருத்துவதற்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியுள்ளது. அச்சட்டம் சாலையில் நடப்போரைக் கொல்லும். காற்றுப்பை உரிய கணத்தில் விரிவதையும் தடுக்கக்கூடும். மாற்றி அமைத்த வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டு நிறுவனத்தாருடன் வழக்காட வேண்டி வரலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இன்னொரு விதியும் உண்டு. ஒரு மாநிலத்திற் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின், அம்மாநிலத்துப் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைக்க 2021இல் பி.எச். என்னும் பாரத் வரிசைப் பதிவு ஏற்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், பாதுகாப்புத் துறையினரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவனங்களின் ஊழியர்களும் அதனைப் பெறத் தகுதியுடையோர். அடிக்கடி இடமாறும் குடும்பங்கள் அதனைப் பற்றி விசாரித்தல் நலம்.

வண்டிக்குள் உறங்குவோர் அறிய வேண்டியது கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பற்றியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்கினாலும், குளிருக்கஞ்சி வண்டிக்குள்ளோ கூடாரத்துள்ளோ அடுப்பெரித்தாலும், அவ்வாயு சேர்ந்து உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். சமையல் எப்போதும் திறந்த வெளியிலேயே நடக்கட்டும். முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். கரமனை ஏறத்தாழக் கடல் மட்டத்தை ஒட்டியது. லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அதற்கப்பாலுள்ள கர்துங் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேற்பட்டது. வலிமை வாய்ந்த எஞ்சின் ஒரே நாளில் மேலே ஏற்றிவிடும். உடல் அவ்வளவு விரைவில் இணங்காது. லே நகரில் இரண்டு நாளேனும் ஓய்ந்திருந்து மேலே செல்ல வேண்டும். தலைவலியும் குமட்டலும் மிகுந்தால் தாழ்வான இடத்துக்கு இறங்குவதே மருத்துவம். கைக்குழந்தைக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. இதய நோயோ மூச்சு நோயோ உடைய பெரியவர்களை அங்கு அழைத்துச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்டல் இன்றியமையாதது.

பயண நாட்களை எங்ஙனம் வகுப்பது? கரமனைச் சாலையே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியே நகரப் பிரவேசம். எங்கே தங்குவது என்பது புறப்படுமுன்னரே முடிவான செய்தி, அதற்கேற்பவே நடை. நெடுவழி செல்லும் குடும்பமும் தங்குமிடத்தை முதலில் குறித்து, தொலைவைப் பின்னர்க் கணக்கிட வேண்டும். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர், விடியலில் புறப்பாடு, இரண்டு மணிக்கொருமுறை இறங்கி நடை, இருட்டுமுன் தங்கல் என்பது பிள்ளைகளும் பெரியவர்களும் தாங்கக்கூடிய அளவு. பின்னிரவில் ஓட்டுநரின் கண்கள் தாமே மூடும். காப்பி அதனைச் சிறிது தள்ளிப்போடுமேயன்றி நீக்காது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. மடியில் வைத்துக்கொள்வது அன்புதான், ஆயினும் மோதலின்போது எந்தத் தாயின் கையும் அந்த விசையைத் தாங்காது.

புனேயிலிருந்தோ தில்லியிலிருந்தோ புறப்படும்போது, ஊரிலுள்ள பெற்றோர் “எப்போது வந்து சேருவீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்பர். நாளும் நேரமும் குறித்துச் சொல்ல வேண்டா. “வெள்ளியோ சனியோ வருவோம்” என்று மட்டும் சொல்லுக. வியாழன் இரவு நூற்றைம்பது கிலோமீட்டர் எஞ்சியிருக்கையில், அம்மா சமைத்து வைத்துக்கொண்டு விழித்திருப்பாள் என்னும் நினைவே பலரை இருட்டிலும் ஓட்டச் செய்கிறது. வழியில் ஏதேனும் நேர்ந்தால் 112 என்னும் எண் நாடெங்கும் உதவிக்கு உரியது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்னும் எண்ணும் உண்டு. இரண்டையும் எழுதி, ஓட்டாதவர் ஒருவரின் பையிலும் வைத்திருக்கச் செய்க.