ஒழுகும் வாசல் குழாய்க்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

வாசலில், மொட்டை மாடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தோட்டத்து மூலையில் என்று வெயிலிலும் மழையிலும் காய்ந்து நனையும் குழாயை யார் கவனிக்கிறோம்? ஒழுக ஆரம்பித்தால் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே விண்கலத்தின் கதை இருக்கிறது, அணுகுண்டின் கதை இருக்கிறது, மாணிக்கக் கல்லின் கதைகூட இருக்கிறது! கதை தெரிந்தால் ரிப்பேரும் கைவந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

சொட்டுச் சொட்டாக ஒரு ரயில் தண்ணீர் போகும், தெரியுமா?

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 4,000 சொட்டு ஒரு லிட்டர் என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாளுக்கு 21.6 லிட்டர், கிட்டத்தட்ட ஒன்றரைக் குடம்! வருடத்துக்கு 7,884 லிட்டர்! 2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒழுகும் குழாய்கள் வெறும் 318 இருந்தால் போதும், ஒரே வருடத்தில் அந்த ரயில் மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடும். ஒரு தெருவிலேயே அத்தனை குழாய் இருக்கும்!

எங்கே ஒழுகுகிறது என்பதே வியாதியைச் சொல்லிவிடும், தெரியுமா?

மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால் உள்ளே தண்ணீரை அடைக்கும் ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது. திறக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் கைப்பிடியோடு சுற்றும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. கழுத்து நட்டைப் பானாவால் இம்மியளவு முறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். குழாய் சுவரில் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தால் மரையில் கோளாறு. இந்த மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், முழுக் குழாயையும் தூக்கிப் போடவேண்டிய அவசியம் பாதி நேரம் இருக்காது!

உங்கள் வீட்டுப் பித்தளைக் குழாய்க்கு வயது 180 தாண்டுகிறது, தெரியுமா?

திருகித் திருகி மூடும் குழாய்க்கு 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்படக் கம்பெனி காப்புரிமை வாங்கியது. அன்றைக்கு இருந்த தத்துவம்தான் இன்றைக்கும்! ஸ்பிண்டில் இறங்கும், வாசரை அமுக்கும், ஓட்டை அடையும்.

மாற்றுவதும் சுலபம். தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். அந்தத் திறந்த நிலையிலேயே தலைப்பகுதியைப் பானாவால் கழற்றுங்கள். உடம்பை இன்னொரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டால் சுவரிலுள்ள பைப் அசையாது. அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டில் கறுப்பு வாசர் இருக்கும். கிழடான வாசர் என்றால் நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும், தொட்டால் விரலில் கரி ஒட்டும். அதே அளவில் புது வாசர் போட்டு மூடுங்கள், முடிந்தது வேலை! ராத்திரி நேரம், கடை இல்லையா? பழைய வாசரின் மறுபக்கம் தட்டையாக இருந்தால் திருப்பிப் போடுங்கள், காலை வரை தாங்கும்.

அப்படியே உள்ளே விரலை விட்டு, வாசர் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெட்டோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் எத்தனை வாசர் போட்டாலும் சீக்கிரமே கிழியும். அப்போதுதான் குழாயையே மாற்றவேண்டும்.

சொட்டுகிறதே என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் இன்னும் ஒழுகும், தெரியுமா?

ஆமாம்! அளவுக்கு மீறி முறுக்கினால் விளிம்பு ரப்பருக்குள் இறங்கி அதை வெட்டிவிடும். அடுத்த நாள் இன்னும் முறுக்கவேண்டி வரும், பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் ஸ்பிண்டில் மரையே தேய்ந்து குழாய் சும்மா சுற்றும். தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ரப்பர் வளையம் விண்கலத்தையே கவிழ்த்தது, தெரியுமா?

இப்போது வரும் பல குழாய்களின் ஸ்பிண்டிலில் மாட்டியிருக்கும் வட்ட ரப்பர்தான் ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கேட்டு 1937-ல் விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 72! 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி 7 பேர் உயிரிழந்ததற்குக் காரணம், ராக்கெட் இணைப்பில் இருந்த ஓ-ரிங் குளிரில் விறைத்துப்போனதுதான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கி விசாரணைக் குழுவின் முன்னாலேயே நிரூபித்துக் காட்டினார். நம் வீட்டுக் குழாயில் வெயில் பட்டுப் பட்டு அதே வளையம் இறுகிப்போகிறது. ஹார்டுவேர் கடையில் பழையதைக் காட்டி அதே அளவு கேளுங்கள், சில ரூபாய்தான்!

அரை இஞ்ச் குழாயில் அரை இஞ்ச் எங்கேயும் இல்லை, தெரியுமா?

ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அதாவது முக்கால் இஞ்சையும் தாண்டுகிறது! அந்தக் காலத்து இரும்பு பைப்பின் உள் துவாரத்தை வைத்துச் சொன்ன அளவு பெயராகவே தங்கிவிட்டது. மரைக்கு அளவு வகுத்தவர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 1841-ல். அவர் வைத்த 55 பாகைக் கோணம் இன்றைக்கும் மாறவில்லை. இஞ்சுக்கு 14 மரை. அதனால்தான் புதுக்கோட்டையில் வாங்கிய குழாய் பொள்ளாச்சி வீட்டுச் சுவரிலும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு தற்செயல், தெரியுமா?

1938 ஏப்ரல் 6. டூபாண்ட் கம்பெனியில் 27 வயது ராய் பிளங்கெட் ஒரு வாயு சிலிண்டரைத் திறக்கிறார். எடை அப்படியே இருக்கிறது, வாயு வரவில்லை! அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுப்பான வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் வாயு அரித்துவிடாமல் வால்வுகளைக் காத்தது அதுவே!

டெஃப்லானால் ஆன அந்த டேப்பில் பசையே கிடையாது. மரை வழுக்கிக்கொண்டு ஆழமாக இறங்கவும், இடுக்கை நிரப்பவும்தான் அது. மரை உங்களைப் பார்க்கப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து வெளியே வந்துவிடும். நுனி மரையை விட்டுவிடுங்கள். குழாயின் வாய் நேராக வரவில்லை என்று ஒருபோதும் பின்னால் திருப்பாதீர்கள், கசியும்! கழற்றி இன்னும் சில சுற்று சேர்த்துப் போடுவதே சரி.

கால் சுற்றுக் குழாய்க்குள் மாணிக்கம், தெரியுமா?

கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் குழாய்களில் பலவற்றில் ரப்பர் வாசர் இல்லை. ஒன்றோடொன்று உரசும் இரண்டு பீங்கான் வில்லைகள்தான். அது அலுமினா. மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் அதே பொருள்! கடினத்தில் வைரம் 10 என்றால் அலுமினா 9. மணல் 7 மட்டுமே. பிறகு ஏன் ஒழுகுகிறது? போர் தண்ணீரின் உப்புப் படிவும் மணல் துகளும் வில்லைகளுக்கு நடுவே சிக்குவதால். கழற்றி வினிகரில் ஊறவைத்து மென்மையாகத் துடைத்தால் பல நேரம் புதுசுபோல் ஆகிவிடும்.

பித்தளை சிவந்தால் ஆபத்து, தெரியுமா?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீர் சில பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்துவிடும்! மிச்சமிருப்பது பொத்தல் விழுந்த செம்பு. மஞ்சள் குழாய் அங்கங்கே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பலம் போய்விட்டது என்று அர்த்தம். உடைவதற்கு முன் மாற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய்க்கு எமன் வெயிலின் புற ஊதாக் கதிர். மேலே மாவு படிந்து, சற்று இடித்தாலே ஒடியும். வெளியே ஓடும் வெள்ளை பைப்புக்குத் தண்ணீரில் கரைக்கும் வெளிர்நிறப் பெயிண்ட் ஒரு கோட் அடித்தால் ஆயுள் கூடும்.

ஒடிந்த துண்டைச் சுவரை உடைக்காமலே எடுக்கலாம், தெரியுமா?

பிளாஸ்டிக் குழாய் ஒடிந்து மரை மட்டும் சுவருக்குள் நின்றுவிட்டதா? பதறவேண்டாம். வால்வை மூடிவிட்டு, ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு அந்தத் துண்டில் மட்டும் இரண்டு இடத்தில் மெதுவாக அறுங்கள். சுவருக்குள் இருக்கும் எல்போவின் மரையைத் தொடக்கூடாது. பிறகு திருப்புளியால் உள்பக்கமாக நெம்பினால் சுருண்டு வந்துவிடும். புதுக் குழாய் வரும்வரை ஒரு பிளக் போட்டு அடையுங்கள். வீட்டுக்குத் தண்ணீர் தடைபடாது!

ரயில் பெட்டிக் குழாய் திருவனந்தபுரத்துக் கண்டுபிடிப்பு, தெரியுமா?

கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை மேலே தள்ளினால் தண்ணீர் வரும், கையை எடுத்தால் தானாக நிற்கும். ரயிலிலும் தெருவோரத்திலும் பார்த்திருப்பீர்கள். பொதுக் குழாயில் தண்ணீர் வீணாவதைக் கண்டு திருவனந்தபுரத்தின் ஜே.பி. சுப்ரமணிய ஐயர் உருவாக்கியது அது! மூட மறந்தாலும் மூடிக்கொள்ளும் குழாய்!

கனடாவில் குழாயைக் குளிர்காலத்துக்குத் தூங்கவைப்பார்கள், தெரியுமா?

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், பைப்பே பிளக்கும். அதனால் டொரோண்டோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள்கூடப் பனி வருமுன் வீட்டுக்குள்ளிருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடித்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, எவ்வளவு பாக்கியம்!

ஒழுகும் குழாய்க்கு அடியில் வைத்த வாளியில்தான் டெங்கு பிறக்கிறது, தெரியுமா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுப் பாத்திரத்தில் தேங்கும் தண்ணீர் போதும். முட்டை பறக்கும் கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள்தான்! வாளியைக் கவிழ்த்தாலும் விளிம்பில் ஒட்டிய முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அதைவிட முக்கியம், ஒழுகலை நிறுத்துங்கள்.

நாலைந்து வாசர், ஒரு டெஃப்லான் சுருள், ஒரு பிளக், ஒரு ரெஞ்ச். இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே வாசரை மாற்றச் சொல்லுங்கள். அறிவியல் பாடம் நடந்தாயிற்று, தண்ணீரும் மிச்சம். அடுத்த முறை குழாய் ஒழுகினால் உங்களுக்கு முன்னால் அவர்களே பானாவை எடுத்துவிடுவார்கள்!